மராத்தான் ஓட இருபதாயிரம் ரூபாய் ஷூ வேண்டுமா?

இது நீளமான பதிவு. இன்று ஞாயிற்றுக்கிழமைதானே, காபி ஆறினாலும் பரவாயில்லை, முழுதாகப் படியுங்கள். படித்து முடித்ததும் நாலு பேருக்காவது என்மேல் கோபம் வரும். அதில் ஒருவர் எங்கள் வீட்டு மாப்பிள்ளை. வரட்டும்.

நம் பள்ளிப் பழைய மாணவர்கள் சேர்ந்து ஓட்டத்துக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு ஆரம்பித்தீர்கள். ஜனவரியில் சென்னை மராத்தானுக்குப் பதினெட்டுப் பேர் பெயர் கொடுத்திருக்கிறீர்கள். நாலாம் வகுப்பில் பிரேயருக்கு ஓடிவரச் சொன்னால் நடந்துவந்த பிள்ளைகள் இன்று 42 கி.மீ. ஓடப்போகிறேன் என்கிறீர்கள். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? ஆனால் ஒரு மாதமாக அந்தக் குழுவைப் பார்க்கிறேன். ஓடியதைப் பற்றிப் பத்துச் செய்தி வந்தால் ஷூவைப் பற்றி நாற்பது வருகிறது. கார்பன் பிளேட், ஃபோம், டிராப், ப்ரோனேஷன். கல்யாண வீட்டில் நகையைத் திருப்பிப் பார்ப்பதுபோல ஆளுக்கொரு ஷூவைத் திருப்பித் திருப்பிப் போட்டோ எடுத்துப் போடுகிறீர்கள்.

அதுகூடப் போகட்டும். போன வாரம் ஒரு செய்தி வந்தது. "சரியான ரன்னிங் ஷூ இல்லாதவங்க லாங் ரன்னுக்கு வர வேண்டாம், அடிபட்டா யார் பொறுப்பு?" எழுதியவன் யார் என்று சொல்லமாட்டேன், அவனுக்கே தெரியும். இரண்டு நாளில் ஒருவன் குழுவைவிட்டு வெளியேறினான். ஷேர் ஆட்டோ ஓட்டுகிற பையன். ஜூன் மாதத்திலிருந்து வாரம் மூன்று நாள், சவாரி தொடங்குமுன் விடியற்காலையில் எழுந்து ஓடிக்கொண்டிருந்தவன். போன் செய்து கேட்டேன். "சீட்டு எடுத்து நல்ல ஷூ வாங்கிட்டு அடுத்த வருசம் வரேன் டீச்சர்" என்றான். அவன் அப்பா சர்க்கரையில் ஒரு காலை இழந்தவர். அந்தப் பையன் ஏன் ஓட ஆரம்பித்தான் என்று உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? அடுத்த வருசம் என்று தள்ளிப்போட்ட ஓட்டத்தை அடுத்த வருசம் யாரும் ஓடுவதில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

முதலில் இந்தக் கார்பன் ஷூ கதையைப் பேசுவோம். 2017-ல் நைக்கி நிறுவனம் வேப்பர்ஃபிளை என்ற ஷூவைக் கடைக்குக் கொண்டுவந்தது. பெயரிலேயே நாலு சதவீதம் என்று போட்டிருந்தார்கள். அந்த நாலு எங்கிருந்து வந்தது? அமெரிக்காவில் கொலராடோ பல்கலைக்கழகத்தில், அதே நிறுவனத்தின் பணத்தில் நடந்த ஆய்வு. பதினெட்டு ஓட்டக்காரர்களை ஓடவிட்டு, அவர்கள் எவ்வளவு சக்தி செலவழிக்கிறார்கள் என்று அளந்தார்கள். சராசரியாக நாலு சதவீதம் மிச்சம். பொய் இல்லை, உண்மையான ஆய்வுதான். ஆனால் அவர்களை ஓடவிட்ட வேகம் என்ன? மணிக்கு 14, 16, 18 கி.மீ. கணக்குப் போடுங்கள். 14 கி.மீ. வேகத்தில் ஓடினால் மராத்தான் மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும். நம் குழுவில் நன்றாக ஓடுகிறவனே ஐந்து மணி நேரம் என்று இலக்கு வைத்திருக்கிறான். அது மணிக்கு எட்டரை கி.மீ.கூட இல்லை. பின்னால் வேறு ஆய்வாளர்கள் 10, 12 கி.மீ. வேகத்தில் இந்த மாதிரி ஷூவைச் சோதித்தபோது மிச்சம் ஒரு சதவீதத்தை ஒட்டி இறங்கிவிட்டது. சிலருக்கு மிச்சத்துக்குப் பதில் கூடுதலாகவே செலவானது.

சரி, ஒரு சதவீதம் உனக்குக் கிடைக்கிறது, அது அப்படியே நேரமாகவும் மாறுகிறது என்றே வைத்துக்கொள்வோம். ஐந்து மணி நேரத்தில் ஒரு சதவீதம் என்றால் மூன்று நிமிடம். கார்பன் ஷூ இருபத்திரண்டாயிரம், சாதாரண நல்ல ஷூ நாலாயிரம். வித்தியாசம் பதினெட்டாயிரம். நிமிடத்துக்கு ஆறாயிரம் ரூபாய். வழியில் இரண்டு தடவை தண்ணீர் குடிக்க நின்றாலே அந்த மூன்று நிமிடம் போய்விடும். இந்தக் கணக்கைத்தான் உங்களுக்கு நான் முப்பது வருசம் கரும்பலகையில் போட்டுக் காட்டினேன்.

ஷூவால் ஒன்றுமே ஆகாது என்று நான் சொல்லவில்லை. மேலே இருப்பவர்களுக்கு ஆகிறது. அதனால்தான் உலகத் தடகள அமைப்பு 2020-ல், சாலை ஓட்ட ஷூவின் அடிப்பாகம் 40 மி.மீ.க்கு மேல் இருக்கக்கூடாது, உள்ளே ஒரு தகடுதான் இருக்கலாம் என்று விதியே போட்டது. 2023-ல் பெர்லினில் எத்தியோப்பியப் பெண் டிக்ஸ்ட் அசேஃபா 2 மணி 11 நிமிடம் 53 விநாடியில் ஓடி உலக சாதனை செய்தாரே, அவர் போட்டிருந்தது அடிடாஸ் ஷூ. எடை 138 கிராம், விலை 500 டாலர். அன்றைய கணக்கில் நாற்பதாயிரம் ரூபாய்க்கு மேல். அந்த ஷூ ஒரு மராத்தானுக்குத்தான் என்று விற்றவர்களே சொன்னார்கள். ஓடிப் பிழைக்கிறவர் வாங்கலாம், அவருக்கு அது ஏர் மாதிரி, தறி மாதிரி. ஆபீசுக்குப் போய்விட்டு வந்து தொப்பையைக் குறைக்க ஓடுகிற நாம் எதற்கு வாங்க வேண்டும்?

இன்னொன்றும் இருக்கிறது. உயரமான மெத்துமெத்தென்ற அடிப்பாகம், உள்ளே விறைப்பான தகடு. அதில் மெதுவாக ஓடினால் கணுக்கால் இரண்டு பக்கமும் ஆடும். கெண்டைக்காலுக்கும் பாதத்துக்கும் போகிற பாரம் மாறும். 2023-ல் சில மருத்துவர்கள் ஐந்து ஓட்டக்காரர்களுக்குப் பாதத்தின் நடு எலும்பில் வந்த விரிசலை இந்த வகை ஷூவோடு சேர்த்துப் பேசி ஒரு கட்டுரை எழுதினார்கள். ஐந்து பேரை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் தினமும் பயிற்சிக்கே அதைப் போட்டுக்கொண்டு போகிற மாப்பிள்ளை கொஞ்சம் யோசிக்கலாம். (கோபித்துக்கொள்ளாதீங்க மாப்பிள்ளை. பொங்கலுக்கு வரும்போது பேசிக்கலாம்.)

அடுத்தது கடையில் நடக்கிற கூத்து. சென்னையில் ஒரு பெரிய கடை. பேர் வேண்டாம். மகள் கூட்டிக்கொண்டு போனாள். ஒரு தம்பி என்னை இயந்திரத்தின்மேல் நடக்கவிட்டுக் கணினியில் சிவப்பும் மஞ்சளுமாக என் பாதத்தைக் காட்டினான். "மேடம், உங்களுக்கு ஓவர் ப்ரோனேஷன் இருக்கு" என்றான். ஸ்கேன் எடுத்து ஏதோ கட்டி என்று சொன்ன மாதிரி மகள் முகம் வாடிவிட்டது. அதற்கு மருந்தாகப் பதினாலாயிரத்தில் ஒரு ஷூவை எடுத்துவைத்தான்.

ப்ரோனேஷன் என்றால் நோய் இல்லை, பிள்ளைகளே. கால் தரையில் பட்டதும் பாதம் கொஞ்சம் உள்பக்கமாகச் சாய்ந்து கொடுக்கும். அதிர்ச்சியைத் தாங்க இயற்கை வைத்த ஏற்பாடு அது. சிலருக்கு அதிகம் சாயும், சிலருக்குக் குறைவு. பாதத்தின் வளைவைப் பார்த்து ஷூ கொடுத்தால் காயம் குறையுமா என்று அமெரிக்கத் தரைப்படை, விமானப்படை, மரைன் படை மூன்றிலும் புதிதாகச் சேர்ந்தவர்களிடம் சோதித்தார்கள். பாதம் பார்த்துக் கொடுத்தவர்களுக்கும், பார்க்காமல் எல்லோருக்கும் ஒரே ரகம் கொடுத்தவர்களுக்கும் காயத்தில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. டென்மார்க்கில் புதிதாக ஓட வந்த 927 பேருக்குச் சாதாரண ஷூவைக் கொடுத்து ஒரு வருசம் பின்தொடர்ந்தார்கள். 2014-ல் முடிவு வந்தது. பாதம் உள்ளே சாய்கிறவர்களுக்குக் காயம் அதிகம் என்று தெரியவில்லை.

மாறாகவும் ஒரு ஆய்வு உண்டு, அதை மறைத்தால் நான் டீச்சர் இல்லை. லக்ஸம்பர்க்கில் 2016-ல் வந்தது. சாய்வைத் தடுக்கிற ஷூ, நன்றாகச் சாயும் பாதக்காரர்களுக்கு உதவியது என்று அது சொல்கிறது. ஆகவே பாதம் மிகவும் தட்டையாக இருந்து, வலியும் இருந்தால் எலும்பு மருத்துவரிடமோ பிசியோதெரபிஸ்ட்டிடமோ போ. வலி இல்லாதவனுக்கு இரண்டு நிமிடம் நடக்கவைத்து நோய்ப் பேர் வைக்கிற கடைக்காரத் தம்பியை நம்பாதே. அவனைச் சொல்லிக் குற்றமில்லை, அவனுக்கு மாதக் கடைசியில் டார்கெட்.

பிறகு எதை வைத்துத்தான் தேர்ந்தெடுப்பது? கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தில் பென்னோ நிக் என்று ஒரு பேராசிரியர். நாற்பது வருசம் போலக் காலையும் ஷூவையும் ஆராய்ந்தவர். அவர் கடைசியில் வந்து நின்ற இடம் என்ன தெரியுமா? போட்டால் சுகமாக இருக்கிறதா என்று பார்த்து வாங்கு என்பதுதான். நம் ஊர் செருப்புக் கடையில் ஆயா ஒருத்தி "நடந்து பாரும்மா, கடிக்குதா?" என்று கேட்பாளே, அதே கேள்வி.

இப்போது எதிர்க்கட்சிக்கு வருகிறேன். இந்தப் பதிவை இதுவரை படித்துவிட்டு எங்கள் பெரியப்பா மகன் அண்ணன் மீசையை முறுக்கிக்கொண்டிருப்பார். "நான்தான் அப்பவே சொன்னேனே, ஷூவே வேண்டாம், நம்ம தாத்தா வெறுங்காலில் பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலம் போகலையா?" போனார் அண்ணே. 14 கி.மீ., நடந்து போனார், மாதம் ஒரு தடவை. அதோடு பிறந்ததிலிருந்து வரப்பிலும் களத்திலும் வெறுங்காலில் நின்றவர். ஐ.டி. கம்பெனியில் பத்து வருசம் ஷூவும் சாக்ஸுமாக உட்கார்ந்திருந்த பேரன், திங்கட்கிழமை காலையில் தார் ரோட்டில் வெறுங்காலோடு ஓடினால் புதன்கிழமை நொண்டுவான்.

அபேபே பிகிலா 1960 ரோம் ஒலிம்பிக்கில் வெறுங்காலில் ஓடித் தங்கம் வாங்கியதை எல்லோரும் சொல்கிறீர்கள். அதே பிகிலா 1964-ல் டோக்கியோவில் ஷூ போட்டுக்கொண்டு ஓடி மறுபடியும் தங்கம் வாங்கினார், அதுவும் மூன்று நிமிடம் முன்னதாக. அதை ஏன் யாரும் ஃபார்வர்ட் செய்வதில்லை? நம் நாட்டில் சிவ்நாத் சிங் இருந்தார், பீகாரில் பிறந்த ராணுவ வீரர். வெறுங்காலில் ஓடுவதில் பேர் பெற்றவர். மாண்ட்ரியல் ஒலிம்பிக் மராத்தானில் பதினோராம் இடம். 1978-ல் ஜலந்தரில் 2 மணி 12 நிமிடத்தில் ஓடினார். நாற்பது வருசத்துக்கு மேல் எந்த இந்தியரும் அதைத் தாண்டவில்லை. இவர்களை நினைத்தால் எனக்கு மெய்சிலிர்க்கும். ஆனால் அவர்கள் ஜெயித்தது வருசக்கணக்கான ஓட்டத்தால்.

அமெரிக்காவில் 2009-க்குப் பிறகு வெறுங்கால் பைத்தியம் ஒன்று பரவியது. அஞ்சு விரலுக்கும் தனித்தனி உறை வைத்த மெல்லிய ஷூ ஒன்று வந்ததே, நினைவிருக்கிறதா? கால் பலப்படும், காயம் குறையும் என்று விளம்பரம். வழக்குப் போட்டார்கள். 2014-ல் அந்த வைப்ரம் நிறுவனம் முப்பத்தேழரை லட்சம் டாலர் கொடுத்துச் சமாதானம் செய்துகொண்டது. ஆகக் கனமான ஷூவிலும் வியாபாரம், ஷூவே வேண்டாம் என்பதிலும் வியாபாரம்.

சர்க்கரை இருக்கிறவர்களுக்கு மட்டும் குரலை உயர்த்தியே சொல்கிறேன். வெறுங்கால் பேச்சு உங்களுக்கு இல்லை. பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் முள் குத்தினதுகூடத் தெரியாது. ஷூ போடுமுன் உள்ளே கைவிட்டுப் பாருங்கள், கழற்றியதும் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். தினமும்.

சரி, என்ன வாங்கலாம் என்கிறீர்களா? மூவாயிரத்திலிருந்து ஐந்தாயிரத்துக்குள், ஓட்டத்துக்கென்றே செய்த சாதாரண ஷூ போதும். ஓட்டத்துக்கென்றே என்பதை அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள். கிரிக்கெட் ஷூ, ஜிம் ஷூ, பள்ளிக்கூட கேன்வாஸ் ஷூ இவை வேண்டாம். ஃபர்ஸ்ட் காப்பி என்று தெருவில் விற்பதும் வேண்டாம். மேலே பேர் இருக்கும், அடியில் பசை இருக்காது. போன வருசத்து மாடல் தள்ளுபடியில் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கு. நிறம் மாறியிருக்கும், பெயருக்குப் பின்னால் ஒரு எண் கூடியிருக்கும், பெரும்பாலும் அவ்வளவுதான் வித்தியாசம்.

கடைக்குச் சாயங்காலம் போ. நாள் முழுக்க நின்ற கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், நீண்ட ஓட்டத்திலும் அப்படித்தான் வீங்கும். ஓடும்போது போடுகிற அதே சாக்ஸைப் போட்டுக்கொண்டு போ. இரண்டு காலிலும் மாட்டி நிமிர்ந்து நில். பெரிய காலின் நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். இல்லாவிட்டால் இருபதாவது கி.மீ.யில் நகம் கறுத்துப்போகும். விரல்களை உள்ளே விரிக்க முடிகிறதா பார். நாமெல்லாம் செருப்புப் போட்டு வளர்ந்தவர்கள், முன்பாதம் விரிந்திருக்கும், பல கம்பெனி ஷூ நம் காலுக்குக் குறுகல். பெண்பிள்ளைகளே, பெண்கள் பகுதியில் இருப்பதைத்தான் வாங்கவேண்டும் என்று சட்டம் ஏதும் இல்லை. நானே ஆண்கள் ஷூதான் போடுகிறேன், ரோஸ் கலர் இல்லை என்பதைத் தவிர ஒரு குறையும் இல்லை. குதிகால் வழுக்கக்கூடாது. ஷூவை வளைத்தால் விரல் மடங்குகிற இடத்தில் வளையவேண்டும், நடுவில் இரண்டாக மடிந்தால் வைத்துவிட்டு வா. கடை வாசலில் கொஞ்சம் ஓடிப் பார். சிரிப்பார்கள், சிரிக்கட்டும். "போடப்போடச் சரியாயிடும்" என்றால் நம்பாதே. அன்றைக்கே சரியாக இல்லாதது ஜனவரியிலும் சரியாக இருக்காது.

ஒரு ஷூ பொதுவாக 500-லிருந்து 800 கி.மீ. வரை தாங்கும். வாரம் 40 கி.மீ. வீதம் பதினாறு வாரப் பயிற்சி என்றால் 640 கி.மீ. அதாவது ஒரு மராத்தானுக்குத் தயாராவதற்குள் ஒரு ஜோடியின் ஆயுள் ஏறக்குறைய முடிகிறது. இருபத்திரண்டாயிரம் வைத்திருக்கிறவன் அதற்குப் பதில் நாலாயிரத்தில் வேறுவேறு மாதிரி இரண்டு ஜோடி வாங்கி மாற்றி மாற்றிப் போடட்டும். லக்ஸம்பர்க்கில் 264 பேரை 22 வாரம் கவனித்ததில், ஒன்றுக்கு மேற்பட்ட ஷூவை மாற்றிப் போட்டவர்களுக்குக் காயம் வரும் வாய்ப்பு 39 சதவீதம் குறைவாக இருந்தது. மழைக்காலத்தில் ஒன்று காயும்வரை இன்னொன்று உதவும். மிச்சம் பதினாலாயிரம் கையில் இருக்கிறது.

நம் குழுவில் மூன்று பேருக்கு முழங்கால் வலி வந்திருக்கிறதே, அதற்கு ஷூவா காரணம்? பழைய செய்திகளை மேலே தள்ளிப் பாருங்கள். மூவரும் ஐந்து கி.மீ.யிலிருந்து ஒரே மாதத்தில் 21-க்குத் தாவியவர்கள். மூவர் காலிலும் பத்தாயிரத்துக்கு மேலான ஷூ. ஆறு மாதம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டுவந்த ஆட்டோக்காரப் பையனுக்கு ஒரு வலியும் இல்லை. அவனைத்தான் அடிபடும் என்று வெளியே அனுப்பினீர்கள்.

இன்னொரு விஷயம், இதை எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. உலகம் முழுக்கப் பேர்போன ஷூக்கள் நம் செய்யாறு சிப்காட்டில்தான் தைக்கப்படுகின்றன. விடியற்காலையில் கம்பெனி பஸ்ஸில் போகிற பிள்ளைகளில் பலர் நம் பள்ளியில் படித்தவர்கள், உங்களோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். அதில் ஒருத்தியைக் கடைத்தெருவில் பார்த்தேன். "நான் ஒரு தையல்தான் டீச்சர் போடுவேன், அப்புறம் அடுத்த லைனுக்குப் போயிடும்" என்றாள். பிறகு கேட்டாள்: "அதைப் போட்டா நெஜமாவே வேகமா ஓடுவாங்களா டீச்சர்?" காலையில் ஓடுகிறீர்களே, அவளை யாராவது கூப்பிட்டீர்களா? அவள் எந்த ஷூவில் வந்து நிற்பாள் என்று யோசித்துப் பார்த்துவிட்டு அந்த விதியை எழுதியிருக்கலாம்.

ஆகவே குழு அட்மின்களுக்கு: அந்தச் செய்தியை இன்றைக்கே நீக்குங்கள். அந்தப் பையன் வீட்டுக்கு இரண்டு பேர் நேரில் போய்க் கூப்பிடுங்கள். போனில் வேண்டாம். ஷூ வாங்கித் தருகிறேன் என்று ஆரம்பிக்காதீர்கள், அவன் வாங்கமாட்டான், மனசும் சங்கடப்படும். ஞாயிற்றுக்கிழமை வா என்று மட்டும் சொல்லுங்கள். நாலாயிரத்துக்குள் எது நல்லது என்று அவனுக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

கடைசியாக ஒன்று. ஓடி ஓடித் தேய்ந்த ஷூக்களை மூட்டை கட்டி நம் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம் என்று ஒரு யோசனை குழுவில் ஓடுகிறது. நல்ல மனசுதான். ஆனால் 800 கி.மீ. ஓடி உங்களுக்கே காலுக்கு ஆகாது என்று கழற்றிய ஷூ, வளர்கிற பிள்ளையின் காலுக்கு எப்படி ஆகும்? உங்கள் எட்டாம் நம்பர் காலும் ஏழாம் வகுப்புப் பிள்ளையின் காலும் ஒன்றா? செய்வதானால் புதிதாகச் செய்யுங்கள். மாவட்டப் போட்டிக்குப் போகிற பிள்ளைகள் ஆறு பேர் இருக்கிறார்கள், இப்போதைய பி.டி. சாரிடம் கேட்டுவிட்டேன். ஒவ்வொரு பிள்ளையின் பாதத்தையும் வெள்ளைத்தாளில் வைத்துச் சுற்றி வரைந்து, அளவெடுத்து வாங்கவேண்டும். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குப் பள்ளியில் இருப்பேன். ஸ்கேலும் பென்சிலும் என்னிடம் இருக்கிறது, நீங்கள் இரண்டு பேர் வந்தால் போதும்.